துரை மீனும் சேற்று மீனும்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் கிளியனூர். கடல் ஒன்றும் தூரமில்லை. ஆனால் கடல் மீன் எங்களுக்குக் காசு கொடுத்து வாங்குகிற மீன். காசில்லாமல் கிடைத்தது ஏரி மீன்தான். இந்த வட்டாரத்தில் ஏரிகளுக்குக் குறைவில்லை. ஒன்று நிரம்பி வழிந்தால் அடுத்ததுக்குப் போகும். கடைசியில் கழுவெளியில் விழுந்து கடலுக்குப் போகும். எல்லாம் வானம் பார்த்த ஏரி. ஐப்பசி, கார்த்திகையில் கடலாட்டம் கிடக்கும். சித்திரை பிறந்தால் மதகுக்குப் பக்கத்தில் முழங்கால் தண்ணீர். கத்திரி வெயில் முடிவதற்குள் வெறும் சேறு.

அந்தச் சித்திரை, வைகாசியில்தான் ஏரி அழிப்பார்கள். ஏலம் எடுத்தவன் முதலில் வலை போட்டுப் பெரிய மீனையெல்லாம் வாரிக்கொள்வான். அப்புறம் ஊர்க்காரர்கள் இறங்குவார்கள். அவர்கள் கலக்கி முடித்துக் கரையேறிய பிறகு சேரி இறங்கலாம். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை. கரைமேல் எந்தப் பனைமரத்துக்குக் கீழே நிற்க வேண்டும் என்பது எங்களுக்கு நடக்கப் பழகும்போதே தெரியும். எங்க ஆயா அன்னைக்கு மட்டும் புடவையை முட்டிக்கு மேலே வரிஞ்சு கட்டிக்கினு நிக்கும். "இர்றா, இர்றா, அவுங்க ஏறட்டும், சேத்துக்குள்ள இருக்கிறது நம்முளுதுதான்"னு சொல்லும். சேற்றுக்குள் ஆரால் இருக்கும், நண்டு இருக்கும், நத்தை இருக்கும். தப்பின விரால் ஒன்றிரண்டு இருக்கும். அதற்கு ஊத்தா வேண்டும். மூங்கில் சிம்பில் பின்னிய கூம்பு, மேலேயும் கீழேயும் திறப்பு. சேற்றில் குத்திக்கொண்டே போனால் உள்ளே மாட்டினது முட்டும். மேலே கையை விட்டுப் பிடிக்க வேண்டியதுதான்.

எங்க அப்பா அந்த ஊரில் நீர்க்கட்டி. (கிளியனூர் இல்லை, பக்கத்தில் ஒரு ஊர், பேர் வேண்டாம்.) மதகு திறப்பது, அடைப்பது, எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாழி தண்ணீர் என்று பார்ப்பது அவர் வேலை. மழைக்காலத்தில் நடுராத்திரி கரை கசிகிறது என்றால் சேரிக்குத்தான் ஆள் வரும். மண்மூட்டையோடு மார்பளவுத் தண்ணீரில் நிற்பவன் சேரிக்காரன். அறுப்பு முடிந்து களத்தில் அவருக்குக் கிடைக்கிற நெல் எவ்வளவு என்பது ஊர் வைத்த கணக்கு. மீனில் அவருக்குக் கணக்கே இல்லை.

நான் ஆறாவது படித்த வருஷம் ஏரி அழிக்க இன்னும் மூன்று நாள் இருந்தது. வீட்டில் அம்மா பிள்ளை பெற்றுப் படுத்திருந்தது. மதகைப் பார்க்கப் போன அப்பா, பள்ளத்தில் மாட்டியிருந்த ஒரு விராலைப் பிடித்துத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். பிள்ளை பெற்றவளுக்கு விரால் குழம்பு நல்லது என்பார்கள். பாதி வழியில் பார்த்துவிட்டார்கள். சாயங்காலம் ஊர் கூடியது. ஊத்தாவை மிதித்து நொறுக்கினார்கள். அபராதம் போட்டார்கள். அவரை விடச் சின்ன வயசுப் பையன் ஒருவன், "என்னாடா, எங்க மீனு உனக்கு இனிக்குதா?" என்று கேட்டான். அப்பா தரையில் விழுந்து கும்பிட்டு எழுந்தார். நான் பனைமரத்துக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

'எங்க மீனு.' எந்தக் கணக்கில் அது அவங்க மீனு? யாரும் விதைக்கவில்லை, யாரும் தீனி போடவில்லை. புதுத்தண்ணி வரும்போது கலங்கலில் எதிரேறி வந்த மீன் அது. இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் பல வருஷம் கழித்து எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். தேடிப் போனது தென்னாற்காட்டு ஏரிக் குத்தகைகளை. ஆவணங்களில் சேரியைத் தேடுகிறவர்களுக்குத் தெரியும்: குற்றம், பஞ்சம், கூலி, இந்த மூன்றில்தான் நாம் கிடைப்போம். மீனில் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கையில் வந்தது ஒரு நீலகிரிச் சட்டம்: 1879ஆம் வருஷத்துச் சென்னை மாகாணச் சட்டம் 2, நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம்.

மலையில் அப்படி என்ன மீன் என்று கேட்கலாம். மலை ஓடைகளில் இருந்த மீனைப் பற்றி அந்தச் சட்டத்துக்குக் கவலையில்லை. அது காப்பாற்ற வந்தது, வெளியிலிருந்து கொண்டுவந்து பழக்கப்படுத்திய சீமை மீனை. 1860களில் ஊட்டித் தோட்டத்துக் கண்காணிப்பாளர் மெக்ஐவர் சீமைக் கெண்டை வகைகளைக் கொண்டுவந்து விட்டார். பட்டாளத்து மருத்துவராக இருந்து மீன் ஆராய்ச்சிக்கு வந்த ஃபிரான்சிஸ் டே, டிரவுட் மீனைக் கொண்டுவர முயன்று தோற்றார். துரைமார்களுக்கு டிரவுட் மேல் அவ்வளவு ஆசை. காரணம் ருசி மட்டும் இல்லை. டிரவுட்டை எப்படிப் பிடிக்கிறோம் என்பதில்தான் சீமையில் ஒரு ஆளின் அந்தஸ்தே இருந்தது.

அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நாம் தூண்டில் போட்டால் கருவேலங்கொம்பு, நெட்டித் தக்கை, மண்புழு. பசித்த மீன் புழுவைத் தின்னும், மாட்டும். துரை போடுகிற தூண்டிலில் புழு இல்லை. இறகையும் பட்டு நூலையும் முள்ளில் சுற்றி ஈ மாதிரி செய்து வைத்திருப்பான். ஈக்குக் கனமே இல்லாததால் கனமெல்லாம் நூலில் இருக்கும். தலைக்கு மேலே நூலை முன்னும் பின்னும் சாட்டை மாதிரி வீசி, ஓடைமேல் ஈ தானாகவே வந்து உட்கார்ந்த மாதிரி இறக்க வேண்டும். கோடைத் தொடக்கத்தில் ஓடையிலிருந்து பூச்சி பொரிந்து கிளம்பும் நேரம் அதற்கு வாகு. மீன் ஏமாந்தால் அவன் கெட்டிக்காரன். புழுவைப் போட்டுப் பிடிப்பவன் அவர்கள் கண்ணில் ஒரு படி கீழே. வலை போடுகிறவன் அதற்கும் கீழே. அதாவது, மீனைச் சாப்பிட வேண்டிய அவசியம் எவ்வளவு குறைவோ அவ்வளவு உசத்தி. இதை வாசித்தபோது எனக்கு அந்நியமாகவே இல்லை.

அந்த ஈயைக் கட்டுகிற இறகில் ஒன்று நம்ம காட்டுக்கோழியின் கழுத்து இறகு. தென்னிந்தியக் காடுகளில் இருக்கிற சாம்பல் காட்டுக்கோழி. கழுத்தில் மெழுகுச் சொட்டு மாதிரி மின்னும் புள்ளி. சீமைத் தூண்டில்காரர்களுக்கு அது இல்லாமல் முடியாது. 1902இல் அரசாங்கம் பறவை இறகு ஏற்றுமதிக்குத் தடை போடுகிற வரை தாராளமாகக் கப்பலேறியது. ஜாக் ஸ்காட், ராயல் கோச்மேன் என்று ஈக்கெல்லாம் பேர் உண்டு. காட்டில் கண்ணி வைத்துக் கோழியைப் பிடித்தவனுக்கு, நான் பார்த்த புத்தகங்களில் பேர் இல்லை.

இந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியது நீலகிரியில் இருந்த துரைமார்களின் வேட்டைச் சங்கம். சங்கம் தொடங்கியது 1877. அந்த வருஷம் வேறு என்ன நடந்தது என்பது சேரிகளுக்கு மறக்காது. தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் மட்டும் 30 இலட்சத்துக்கும் மேலானவர்கள் செத்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். முதலில் செத்தவன் நிலமில்லாத பண்ணையாள். கஞ்சித்தொட்டி வேலைக்குப் போனவனுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று பார்க்க ரிச்சர்ட் டெம்பிள் வந்தார். நாளெல்லாம் வேலை செய்கிற ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் கூட ஓரணாவும் போதும் என்றார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இதைத் தின்று உழைப்பவன் பிழைக்க மாட்டான் என்று சண்டை போட்டார். எங்களுக்குக் கிழக்கே மரக்காணம் வரை வருகிற பக்கிங்காம் கால்வாயில், சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கிற துண்டு இந்தப் பஞ்சக் கூலிகள் தோண்டியது. தோண்டியவர்களின் பேர் இல்லை; கவர்னர் பக்கிங்காம் பேர் இருக்கிறது.

கோடை வந்தால் சென்னை அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போய்விடும் காலம் அது. எங்க ஏரி வற்றும் அதே சித்திரையில் கவர்னர் மலையேறுவார். கீழே ஒரு பவுண்டு தானியக் கணக்கு. மேலே மீனுக்குப் பாதுகாப்புச் சங்கம். பஞ்சம் ஓய்ந்த மறுவருஷமே சட்டம் வந்தது. சீமை மீனைப் பிடிக்கக் காலம் உண்டு, காலமில்லாத காலம் உண்டு. அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டை எழுதி வாங்கத் தெரிந்தவன், காசு கட்டக்கூடியவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே டே, 'இந்தியாவின் மீன்கள்' என்ற பெரிய நூலைப் பகுதி பகுதியாக 1875க்கும் 1878க்கும் நடுவில் கொண்டுவந்தார். படங்கள் அற்புதமானவை, மறுக்க முடியாது. எங்க ஏரி மீனெல்லாம் அதில் இருக்கிறது.

டிரவுட் நிஜமாகவே வந்து சேர்ந்தது 1900களில். சென்னை மாகாணத்தில் ஃபிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் மீன்துறை உருவானது 1907இல். அதையொட்டி வில்சன் என்கிற நிபுணரை வைத்து அவலாஞ்சியில் பொரிப்பகம் கட்டினார்கள். இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து என்று பல இடங்களிலிருந்து முட்டை வரவழைத்தார்கள். இலங்கை என்றால் நுவரெலியா. தோட்டத் துரைமார்கள் அங்கே 1880களிலேயே டிரவுட் கொண்டுவந்து ஓடையில் விட்டிருந்தார்கள். அந்த ஓடைக்குப் பக்கத்து லயங்களில் இருந்தது யார் என்றால், பஞ்சத்துக்குத் தப்பி இங்கிருந்து போன நம்ம ஆட்கள்தான்.

டிரவுட் முட்டை குளிர்ச்சியில் இருக்க வேண்டும். பனிக்கட்டி, பாசி எல்லாம் வைத்துப் பத்திரமாக அடைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவர வேண்டும். பொரித்த குஞ்சுக்குச் சில்லென்ற ஓட்டத் தண்ணீர் வேண்டும். 20 பாகைக்கு மேல் சூடு ஏறினால் தவிக்கும். அவ்வளவு பார்த்தும் சீமைப் பழுப்பு டிரவுட் நிலைக்கவில்லை. அமெரிக்க வானவில் டிரவுட்தான் தங்கியது. ஒரு மீனுக்கு இவ்வளவு செய்யலாமா என்று நான் கேட்க வரவில்லை. செய்யட்டும். ஒரு அரசாங்கம் மனசு வைத்தால் எவ்வளவு செய்யும் என்பதற்கு அந்தப் பொரிப்பகம் சாட்சி.

மலையில் துரைமார்கள் மட்டும் இருக்கவில்லை. துரை வீட்டுச் சமையல்கட்டில், குதிரை லாயத்தில், தோட்டத்தில் இருந்ததில் பெரும்பகுதி நம்மவர்கள். அயோத்திதாசப் பண்டிதரின் தாத்தா கந்தப்பன் துரை வீட்டில் பட்லர். பண்டிதர் வளர்ந்தது நீலகிரியில். இரட்டைமலை சீனிவாசன் அங்கே ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கராக இருந்தவர். 1891 டிசம்பர் 1ஆம் தேதி அதே ஊட்டியில் பண்டிதர் திராவிட மகாஜன சபையைக் கூட்டிப் பத்துத் தீர்மானம் போட்டார். பொதுக் கிணறு, குளங்களில் தடையில்லாமல் தண்ணீர் எடுக்க விட வேண்டும் என்பது அதில் ஒன்று. சட்டம் வாங்க வேட்டைச் சங்கத்துக்கு ஆனது இரண்டு வருஷம். பண்டிதர் கேட்ட தண்ணீருக்கு, சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானமாக வருவதற்கே 1924 ஆனது. 1927 மார்ச் 20இல் பாபாசாகேப் மகாடில் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் குடித்ததற்கு என்ன நடந்தது என்று இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீன் எங்கே, தண்ணீருக்கே இந்தக் கதை.

ஏரிக்கு வருவோம். டே 1873இல் நன்னீர் மீன்வளம் பற்றி ஒரு பெரிய அறிக்கை கொடுத்தார். ஜில்லா ஜில்லாவாக அதிகாரிகளையும் தாசில்தார்களையும் கேட்டு எழுதியது. யார் மீன் பிடிக்கிறார்கள், வலைக் கண் எவ்வளவு, வாய்க்காலில் பறி வைக்கிறார்களா என்றெல்லாம் கேள்வி. முடிவு: குஞ்சு மீனைப் பறியிலும் சின்னக்கண் வலையிலும் வாரி அழிக்கிறார்கள், சட்டம் வேண்டும். டே சொன்னது முழுப் பொய் இல்லை. ஆற்றில் குஞ்சை வாரினால் அடுத்த வருஷம் மீன் ஏது? ஆனால் எங்க ஏரி ஆறு இல்லை. வைகாசியில் வற்றுகிற ஏரியில் நாம் விட்டுவைக்கிற குஞ்சு கொக்குக்கும் காக்காய்க்கும்தான். விராலும் தேளியும் மேலே வந்து காற்று வாங்குகிற சாதி, கொஞ்சம் தண்ணீரிலும் கிடக்கும். ஆரால் சேற்றுக்குள் புதையும். மற்றதெல்லாம் சாகப்போகிற மீன். அதைக் கூடையில் அள்ளுவது அழிப்பு இல்லை. இது எங்க ஆயாவுக்குத் தெரியும்.

'இந்தியாவில் தூண்டில்' எழுதிய ஹென்றி சல்லிவன் தாமஸ், தென்கனராவில் கலெக்டராக இருந்தவர். 1887இல் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியே தனியாக ஒரு புத்தகம் போட்டார். துரைக்கு எங்க ஏரியும் விளையாட்டுத் திடல்தான்.

1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி போடக் கூடாது, விஷம் கலக்கக் கூடாது. மீறினால் இரண்டு மாசம் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம். மண்ணில் ஊன்றி வைக்கிற பறி, கூடு, வலைகளுக்கும் வலைக்கண் அளவுக்கும் விதி போட அரசுக்கு அதிகாரம். வெடியும் விஷமும் கூடாது என்பது நியாயம். ஆனால் அந்தச் சட்டம் முழுக்கப் பார்த்தது மீனையும் கருவியையும்தான். பறி வைத்தவன் யார், ஏன் வைத்தான், ஏரியில் அவனுக்கு என்ன பாத்தியம் என்று ஒரு வரி கிடையாது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் கரைமேல் இருக்கிற பனைமரம் எந்தத் துரை கண்ணிலும் படவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு சின்ன ஏரிகள் ஊராட்சிகளுக்கு வந்தன. மீன் பாசி ஏலம் ஊராட்சி வருமானம். எங்க பக்கம் ஏலத்துக்குத் தண்டோரா போடுவதே எங்க தெரு ஆள்தான். பறை அடித்து எல்லாத் தெருவுக்கும் சொல்லுவார், ஏலம் கேட்க மட்டும் அந்தத் திண்ணைக்குக் கிட்டே போக முடியாது. (தண்டோராவை 2022இல்தான் தமிழக அரசு வேண்டாம் என்றது.) ஊராட்சித் தலைவர் பதவியில் இட ஒதுக்கீடு வந்தபோது ஏன் அவ்வளவு ஆத்திரம் என்று கேட்பவர்கள், ஊராட்சி கையில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1997 ஜூன் 30இல் மேலவளவில் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் வெட்டிப்போட்டது வெறும் நாற்காலிக்காக மட்டும் இருக்க முடியாது.

2000க்குப் பிறகு ஒரு வருஷம் எங்க தெருப் பையன்கள் ஏலம் கேட்டார்கள். தலைக்கு இவ்வளவு என்று போட்டு, பெண்கள் குழுப் பணமும் சேர்த்து, திண்ணையிலேயே போய் உட்கார்ந்து கேட்டார்கள். ஊர்க்காரர்கள் விட்டுக்கொடுத்த மாதிரி சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள். பையன்கள் கெண்டைக் குஞ்சு வாங்கி விட்டார்கள். ராத்திரி காவலுக்கு முறை வைத்தார்கள். அப்பாவுக்கு அப்போது நடக்க முடியாது. புது ஊத்தா ஒன்று பின்னிக் கொடுத்தார். "ஊத்தா எதுக்கு, இப்ப வலை போட்டே எடுக்கலாம்"னு ஒரு பையன் சொன்னான். "வலை போட்டு எடுக்கிறது யாவாரத்துக்குடா, இது ஊட்டுக்கு" என்றார்.

சித்திரை கடைசியில் ஒரு விடிகாலை தண்ணீர் முழுக்க வெள்ளை வெள்ளையாக வயிறு மிதந்தது. மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் பூச்சிமருந்து டப்பா இரண்டு கிடந்தது. நண்டுகூடச் செத்துக் கரையேறியிருந்தது. ஆயா இருந்திருந்தால் அதற்கும் சேறு மிச்சமில்லை.

நான் 1897ஆம் வருஷச் சட்டத்தின் நகலை எடுத்துக்கொண்டு பையன்களோடு காவல் நிலையத்துக்குப் போனேன். விஷம் கலப்பது பற்றிய பிரிவைக் கோடு போட்டு வைத்திருந்தேன். அங்கே இருந்தவர் வாங்கி, முதல் பக்கத்தில் இருந்த வருஷத்தைப் பார்த்துச் சிரித்தார். "வெள்ளைக்காரன் சட்டத்தைத் தூக்கிக்கினு வந்திருக்கான் பாரு. மீன் செத்ததுக்கெல்லாம் கேஸ் போட்டா நாங்க எங்க போறது?" மனு வாங்கிக்கொண்டதற்கு ரசீது கேட்டோம். சாயங்காலம் வரச் சொன்னார். சாயங்காலம் போனோம். அவர் பணி மாற்றலில் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அந்த ஊத்தா இன்னும் எங்க வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. ஒரு தடவைகூடச் சேற்றில் இறங்காதது.